உருகிய கந்தகத்தை ஆவியாக்குதல்: கருவி வடிவமைப்பின் கேள்விகள்

கந்தகம் கொதிப்பது 444.6 டிகிரி செல்சியஸில். துத்தநாகம் உருகுவதற்கே ஏறத்தாழ 420 டிகிரி வேண்டும் என்பதை நினைத்தால், உலைத் தொழிலுக்கு இது புதிய வெப்பநிலை அல்ல. எஃகுப் பானை, அடியில் பர்னர், மேலே ஆவிக் குழாய், இவ்வளவு போதும் என்றே முதலில் தோன்றும். அப்படிச் செய்த கருவிகள் இருநூறு ஆண்டுகளாக ஓடியும் வந்திருக்கின்றன. ஆனால் அவை ஏன் அடைத்துக்கொண்டன, ஏன் துளை விழுந்தன, ஏன் தீப்பிடித்தன என்று ஆராய்ந்தால், காரணம் பெரும்பாலும் கொதிநிலையில் இருப்பதில்லை. கொதிநிலைக்குப் போகும் வழியிலும், அதைத் தாண்டிய பிறகும், கருவியை நிறுத்தி ஆறவிடும் நேரத்திலும் இருக்கிறது. வகுப்பறையில் ஆவியாக்கி என்றால் தண்ணீரையோ பென்சீனையோ வைத்துக் கணக்குப் போடப் பழகுகிறோம். அந்தக் கணக்குக்குக் கந்தகம் கட்டுப்படுவதில்லை. அதனால்தான் இதைத் தனியாகப் படிக்க வேண்டும் என்கிறேன்.

கந்தக ஆவி யாருக்கு வேண்டும்? பழைய பதில், சுத்திகரிப்பாளருக்கு. சிசிலித் தீவின் சுரங்கங்களிலிருந்து வந்த மண் கலந்த கந்தகத்தை 19ஆம் நூற்றாண்டில் மார்செய் நகரத்து ஆலைகள் வார்ப்பிரும்பு வாலைகளில் கொதிக்க வைத்து, ஆவியைச் செங்கல் அறைகளுக்குள் செலுத்தின. அறைச் சுவர் கந்தகத்தின் உருகுநிலைக்குக் கீழே குளிர்ந்திருந்தால் ஆவி நேராகப் பொடியாகப் படியும். வணிகத்தில் அது 'கந்தகப் பூ'. சுவர் அதைவிடச் சூடேறிவிட்டால் திரவமாகித் தரையில் தேங்கும். அதை அச்சில் வார்த்துக் கட்டியாக விற்றார்கள். ஒரே வாலை, ஒரே அறை. வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதே எந்தச் சரக்கு கிடைக்கும் என்பதை முடிவு செய்தது. 1850களில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைச் சாம்பல் நோய் தாக்கியபோது, அதற்கு மருந்தான கந்தகப் பொடியின் தேவை பெருகியது. இந்தத் தொழிலும் வளர்ந்தது.

அடுத்து வந்தவர்கள் கார்பன் டைசல்பைடு தயாரிப்பாளர்கள். மரக்கரியைச் செஞ்சூட்டில் வைத்து அதனூடே கந்தக ஆவியைச் செலுத்தினால் கார்பன் டைசல்பைடு கிடைக்கும். விஸ்கோஸ் ரேயானுக்கு இது இன்றியமையாதது. சிறுமுகையில் சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை ஓடிய காலத்தில், அங்கே உருவான ஒவ்வொரு இழைக்கும் பின்னால் இந்த வேதிப்பொருள் இருந்தது. 1950களுக்குப் பிறகு உலகின் பல இடங்களில் மரக்கரியின் இடத்தை மீத்தேன் பிடித்தது. மீத்தேனையும் கந்தக ஆவியையும் 600 டிகிரிக்கு மேல் வினைபுரிய வைக்கும் முறை அது. டயர்த் தொழில் மூன்றாவது. ரப்பரில் கலக்கும் சாதாரணக் கந்தகம் மேற்பரப்புக்கு வந்து பூத்துவிடும். அப்படிப் பூக்காத 'கரையாக் கந்தகம்' வேண்டுமென்றால், கந்தக ஆவியை நன்கு சூடேற்றி, கார்பன் டைசல்பைடு போன்ற குளிர்ந்த திரவத்துக்குள் சட்டென்று பாய்ச்ச வேண்டும். இவர்களோடு சேர்க்க வேண்டிய நான்காமவர் ஆவியைக் கேட்பதே இல்லை. அவர் கந்தகத்தை எரிப்பவர். கந்தக அமில ஆலைக்காரரும் சர்க்கரை ஆலைக்காரரும் அந்த வகை. அவர்களைப் பற்றிப் பிறகு.

கந்தகம் 119 டிகிரி வாக்கில் முழுதாக உருகிவிடும். 120 முதல் 155 டிகிரி வரை அது மஞ்சள் நிறத் திரவம். பிசுபிசுப்பு 7 முதல் 11 சென்டிபாய்ஸ், அதாவது சமையல் எண்ணெயைவிட எளிதாக ஓடும். 159 டிகிரியைத் தாண்டியதும் எல்லாம் மாறுகிறது. எட்டு அணுக்கள் கொண்ட வளையங்கள் உடைந்து, ஒன்றோடொன்று கோத்து, நீண்ட சங்கிலிகள் ஆகின்றன. நிறம் கருஞ்சிவப்பு. 187 டிகிரியில் பிசுபிசுப்பு ஏறத்தாழ 93,000 சென்டிபாய்ஸைத் தொடுகிறது. முப்பது டிகிரிக்குள் பத்தாயிரம் மடங்கு கெட்டிப்படும் திரவம் தொழிற்சாலையில் வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன், எளிதில் நினைவுக்கு வரவில்லை. இன்னும் சூடேற்றினால் சங்கிலிகள் அறுந்து மீண்டும் இளகும். கொதிநிலையை எட்டும்போது மறுபடி நன்றாக ஓடும்.

ஆவியாக்கியின் முதல் சிக்கல் இங்கே பிறக்கிறது. பானையில் கந்தகத்தை நிரப்பி அடியில் தீ மூட்டினால், 160 டிகிரி வரை திரவம் தானாகச் சுழன்று வெப்பத்தைப் பரப்பும். அதற்கு மேல் சுழற்சி நின்றுவிடும். திரவக் கந்தகத்தின் வெப்பக் கடத்துதிறன் மிகக் குறைவு, தண்ணீரின் கால் பங்குக்கும் கீழே. பானைச் சுவரை ஒட்டிய படலம் முற்றிய பாகுபோல் அசையாமல் நிற்க, நடுவில் இருப்பது சூடேறாமலே கிடக்கும். பர்னரை இயக்குபவர் வெப்பமானி ஏறவில்லை என்று தீயைக் கூட்டுவார். சுவர் உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகும். கந்தகத்துக்கு உலோகத்தைத் தின்னும் பசி வெப்பத்தோடு சேர்ந்தே வளர்வதால், பானையின் ஆயுள் இந்த நேரத்தில்தான் குறைகிறது.

இதற்கு நல்ல தீர்வு, அந்த வெப்பநிலை வழியாகப் பெருமளவு திரவத்தை ஒருசேர நடத்திச் செல்லாமல் இருப்பது. ஆவியாக்கியில் எப்போதும் 440 டிகிரியை ஒட்டிக் கொதித்துக்கொண்டிருக்கும் இருப்பை வைத்துக்கொண்டு, 140 டிகிரியில் உள்ள புதிய கந்தகத்தைச் சிறிது சிறிதாக அதற்குள் விட வேண்டும். கொதிக்கும் திரவத்தின் கலக்கலில் புதியது கெட்டிப்படும் கட்டத்தைச் சட்டென்று கடந்துவிடும். தொகுதி தொகுதியாகக் காய்ச்சும் பானையைவிடத் தொடர்ந்து ஊட்டும் வாலை மேலானது என்று நான் சொல்வதற்குச் சிக்கனத்தைவிட இதுவே முக்கியக் காரணம். மீத்தேன் முறை ஆலைகள் வேறு வழியில் போயின: உலைக்குள் சுருண்டு செல்லும் குழாயில் கந்தகத்தை வேகமாகத் தள்ளி, ஓட்டத்தின் போக்கிலேயே கொதிக்க வைத்தார்கள். அங்கே இருப்பு குறைவு, ஆபத்தும் அந்த அளவுக்குக் குறைவு. ஆனால் பம்பு நின்றால் குழாய்க்குள் இருப்பது சில நிமிடங்களில் உலர்ந்து, குழாய்ச் சுவர் எரிந்துவிடும். பெரிய உற்பத்திக்குச் சுருள் குழாய், நாளுக்குச் சில டன் அளவிலான வேலைக்குத் தொடர் ஊட்டமுள்ள வாலை என்பது என் கணிப்பு.

பிசுபிசுப்பைக் குறைக்கச் சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடோ குளோரினோ உதவும். அவை சங்கிலி முனைகளில் ஒட்டிக்கொண்டு நீளத்தைக் கட்டுப்படுத்துகின்றன. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து நேராக வரும் கந்தகத்தில் ஹைட்ரஜன் சல்பைடு ஏற்கெனவே 250 முதல் 350 பிபிஎம் வரை கரைந்திருக்கும். இதை நல்வாய்ப்பாக எண்ணிவிடக் கூடாது. அது ஆளைக் கொல்லும் நச்சு வாயு. கொதிக்க வைத்தவுடன் முழுவதும் வெளியே வரும். வாயு நீக்கிய கந்தகத்தையே ஆவியாக்கிக்கு அனுப்ப வேண்டும். பிசுபிசுப்பை வடிவமைப்பால் சமாளிக்கலாம், நச்சால் சமாளிக்க வேண்டியதில்லை.

அதே பிசுபிசுப்பு ஆவியாக்கிக்கு முன்னால் உள்ள குழாய்களையும் ஆள்கிறது. கந்தகக் குழாய்க்கு ஸ்டீம் ஜாக்கெட் போட்டுச் சூடாக வைப்பது வழக்கம். கேஜ் அழுத்தம் 4 பார் உள்ள பூரித நீராவி 152 டிகிரி. குழாய்க்கு மிகச் சரியான சூடு. 'ஓட்டம் மந்தமாக இருக்கிறது, நீராவியைக் கூட்டுவோம்' என்று 7 பாருக்குப் போனால் ஜாக்கெட் 170 டிகிரிக்கு ஏறி, கந்தகம் முன்னைவிடக் கெட்டியாகும். மற்ற எல்லாத் திரவங்களிலும் பலித்த அனுபவம் இங்கே காலை வாரிவிடும். ஜாக்கெட் நீராவியின் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வை ஆலையின் மிக முக்கியக் கருவிகளில் ஒன்றாக நடத்த வேண்டும்.

வெப்பத்தை எதைக் கொண்டு தருவது? நீராவியால் 444 டிகிரிக்குப் போவது நடைமுறைக்கு ஒவ்வாது. டைஃபினைலும் டைஃபினைல் ஆக்சைடும் கலந்த வெப்ப எண்ணெய் 400 டிகிரியோடு நின்றுவிடும். அடுத்துக் கண்ணில் படுவது நைட்ரேட், நைட்ரைட் உப்புகளின் உருகிய கலவை. 500 டிகிரி வரை தாராளமாக வேலை செய்யும், வேதித் தொழிலில் பரவலாகப் புழங்குவது. ஆனால் நைட்ரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வெடிமருந்து தெரிந்த எவரும் அறிவர். நடுவில் இருப்பதோ கந்தகத்தால் அரிக்கப்படும் உலோகச் சுவர். அதில் ஊசித்துளை விழுந்தால் போதும். வெப்பநிலை அட்டவணையை மட்டும் பார்த்து இதைத் தேர்ந்தெடுக்கும் வடிவமைப்பாளர், தான் எதை எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பதைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன். எஞ்சுவது நேரடித் தீயும் மின் சூடாக்கியும். சிறு கருவிகளுக்கு மின்சாரமே சிறந்தது. வெப்பத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே கட்டுப்படுத்தலாம்.

இன்னொரு வழியும் உண்டு: கொதிநிலையையே இறக்கிவிடுவது. அழுத்தத்தை 100 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் குறைத்தால் கந்தகம் 327 டிகிரியில் கொதிக்கும். 10 மில்லிமீட்டரில் 244 போதும். 327 என்றால் வெப்ப எண்ணெய் மறுபடி பயனுக்கு வருகிறது, உலோக அரிப்பும் பெருமளவு தணிகிறது. விலையாக, வெற்றிடக் கருவியில் சிறு கசிவு இருந்தாலும் காற்று உள்ளே நுழையும். கந்தகம் காற்றில் தானாகத் தீப்பற்றும் வெப்பநிலை 250 டிகிரி வாக்கில்தான் இருக்கிறது. நைட்ரஜனை ஊதி ஆவியை அடித்துச் செல்வது இதற்கு மாற்று. ஆவியின் பகுதி அழுத்தம் குறைவதால் கொதிநிலைக்கு வெகு கீழேயே ஆவியாகும். ஆனால் பிறகு அந்த நைட்ரஜனிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுப்பது எளிதல்ல. பனிப்புகைபோல் நுண்துளிகள் குளிர்விப்பானைத் தாண்டிப் போய்விடும்.

கொதித்த பிறகு வருவது, கணக்கில் பலரும் தவறவிடும் பகுதி. 140 டிகிரியிலிருந்து கொதிநிலை வரை சூடேற்ற ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல், ஆவியாக்கச் சுமார் 300 கிலோஜூல். தண்ணீரை ஆவியாக்க மட்டுமே 2,257 கிலோஜூல் வேண்டும். அதைப் பார்க்கும்போது இது மலிவு. ஆனால் வெளிவரும் ஆவி ஒரே பொருள் அல்ல. கொதிநிலையில் அது எட்டு, ஏழு, ஆறு அணு மூலக்கூறுகளின் கலவை. மேலும் சூடேற்றினால் அவை உடைந்து, 700 டிகிரியைத் தாண்டும்போது பெரும்பாலும் இரண்டு அணு மூலக்கூறுகளாகிவிடும். எட்டணு ஆவி முழுவதையும் ஈரணு ஆவியாக்க ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1,600 கிலோஜூல் தேவை. ஆவியாக்கும் வெப்பத்தைப் போல் ஐந்து மடங்கு! கார்பன் டைசல்பைடு உலைக்கு 650 டிகிரி ஆவியை அனுப்ப வேண்டியவர், 'வாயுவை இன்னும் 200 டிகிரி சூடேற்றினால் போதும்' என்று மாறாத வெப்ப ஏற்புத்திறனை வைத்துக் கணக்கிட்டால், அவர் கட்டிய உலை போதவே போதாது. பருமனும் மாறும், ஒரு மூலக்கூறு நான்காகும்போது குழாயில் ஓட்ட வேகமும் அழுத்த இழப்பும் அதற்கேற்ப உயரும். கொதிகலனும் மீசூடாக்கியும் தனித்தனிக் கருவிகள் என்றும், இரண்டாவதே பெரியது என்றும் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டால் பாதித் துன்பம் குறையும்.

மூலக்கூறுகளின் இந்தக் கலவை அளவியலாரையும் சோதித்தது. 1891இல் கேலண்டரும் கிரிஃபித்ஸும் கந்தகத்தின் கொதிநிலையைத் துல்லியமாக அளந்து, பிளாட்டின வெப்பமானிகளுக்கு அதை அளவுகோலாக்கினார்கள். 1927ஆம் ஆண்டின் பன்னாட்டு வெப்பநிலை அளவுகோலில் 444.60 டிகிரி ஒரு நிலைப்புள்ளியாக இடம்பெற்றது. கருவி பார்ப்பதற்கு எளியது: நிமிர்ந்த குழாயின் அடியில் கந்தகம் கொதிக்கும், ஆவிக்குள் வெப்பமானி தொங்கும். ஆனால் மேலே குளிர்ந்த திரவம் வெப்பமானியில் வழியாதபடி குடைபோன்ற மறைப்பு வேண்டும். வெப்பக் கதிர்வீச்சு இழப்பைத் தடுக்க வேண்டும். காற்றழுத்தம் 1 மில்லிமீட்டர் மாறினால் கொதிநிலை 0.09 டிகிரி நகர்வதால் பாரமானியும் பிழையற்றதாக இருக்க வேண்டும். துத்தநாகத்தின் உறைநிலைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 1960இல் அது கந்தகத்துக்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்டது. 1968இன் அளவுகோலில் அதன் இடத்தையே எடுத்துக்கொண்டது. ஆவியாக்கி செய்பவர்களுக்கு அந்த ஆய்வுக்கூடங்கள் விட்டுச்சென்ற பாடம் ஒன்று உண்டு: ஆவிக்குழாயில் வெப்பமானியை எங்கே, எப்படித் தொங்கவிடுகிறோம் என்பதைப் பொறுத்து அது ஆவியின் சூட்டையும் காட்டலாம், வழியும் திரவத்தின் சூட்டையும் காட்டலாம்.

உலோகத்துக்கு வருவோம். செம்பும் பித்தளையும் கந்தகத்தின் அருகிலேயே வரக் கூடாது. சாதாரணக் கார்பன் எஃகு உருகிய கந்தகத்தை 150 டிகிரியில் பல ஆண்டுகள் தாங்கும். 300 டிகிரிக்கு மேல் வேகமாகச் சல்பைடாக மாறி உதிரும். உயர்வெப்பத்துக்கு நிக்கல் மிகுந்த உலோகக்கலவையைத் தேடுவது பொறியாளரின் பழக்கம். இங்கே அது பெரும் பிழை. நிக்கலும் அதன் சல்பைடும் சேர்ந்து 640 டிகிரிக்கு அருகிலேயே உருகும் கலவையைத் தருவதால், அத்தகைய குழாய் உள்ளிருந்தே இற்றுப்போகும். காக்கும் உலோகங்கள் குரோமியமும் அலுமினியமும். 25 சதவீதம் குரோமியம் கொண்ட 310 வகைத் துருப்பிடிக்காத எஃகு பரவலாகப் பயன்படுகிறது. அலுமினியத்தைக் கந்தகம் தொடுவதே இல்லை எனலாம். ஆனால் இந்தச் சூட்டில் அதற்கு வலுவில்லை. எனவே எஃகின் மேற்பரப்பில் அலுமினியத்தை ஊடுருவச் செய்து பயன்படுத்துகிறார்கள். கொதிக்கும் திரவத்தின் மட்டமும் ஆவியும் சந்திக்கும் கோட்டில் அரிப்பு அதிகம். அங்கே சுவரைத் தடிப்பாக வைப்பதும், மட்டம் ஒரே இடத்தில் நிலைக்காமல் பார்த்துக்கொள்வதும் வாலையின் ஆயுளைக் கூட்டும்.

கந்தகத்தோடு வரும் அழுக்கையும் மறக்கக் கூடாது. அதிலுள்ள எண்ணெய்ப் பசையும் கரிமப் பொருளும் 440 டிகிரியில் கருகி, கரியும் கந்தகமும் கலந்த கெட்டித் தார்போலச் சூடான பரப்பில் படியும். ஆவியாகாத சாம்பல் அடியில் சேரும். அடித்திரவத்தை அவ்வப்போது கழித்துவிட வழி இல்லாத ஆவியாக்கி, எவ்வளவு நல்ல உலோகத்தில் செய்யப்பட்டிருந்தாலும் சில மாதங்களில் மந்தமாகிவிடும்.

இனி எரிப்பவர்களைப் பார்ப்போம். ஒரு கிலோ கந்தகம் எரிந்தால் ஏறத்தாழ 9,300 கிலோஜூல் வெப்பம் தரும். அதைச் சூடேற்றி ஆவியாக்க வேண்டியது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் கந்தக டையாக்சைடுதான் வேண்டும் என்றால் ஆவியாக்கியே தேவையில்லை. தீயே அந்த வேலையைச் செய்துவிடும். கந்தக அமில ஆலைகளில் 140 டிகிரித் திரவத்தை ஜாக்கெட் போட்ட நாசில் வழியாக நுண்துளிகளாகத் தூவுகிறார்கள். உலைக்குள் 1,000 டிகிரிக்கு மேல் சூடு. துளி பறக்கும்போதே ஆவியாகி எரிந்துவிடும். நாசில் தேய்ந்து துளி பெரிதானால் முழுதும் எரியாமல் உலையைக் கடந்து, பின்னால் உள்ள கொதிகலனிலோ வினையூக்கிப் படுகையிலோ போய்ப் படியும். சிறிய நாசில் முனை பெரிய ஆலையின் போக்கைத் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டில் கந்தகத்தின் ஆவி அன்றாடம் தொல்லை தரும் இடம் சர்க்கரை ஆலை. கரும்புச் சாற்றைச் சுண்ணாம்பும் கந்தக டையாக்சைடும் கொண்டு தெளிவிக்கும் இரட்டைச் சல்பிட்டேஷன் முறையில்தான் வெள்ளைச் சர்க்கரை எடுக்கிறார்கள். தட்டு வகைக் கந்தக அடுப்பில், எரியும் திரவத்தின் மேல் காற்று போகும். காற்று குறைந்தாலோ தட்டு அளவுக்கு மீறிச் சூடேறினாலோ எரிவதைவிட அதிகமாகக் கந்தகம் ஆவியாகி, குளிர்ந்த குழாயில் மஞ்சள் படிவாக உறைந்து வழியை அடைத்துவிடும். காற்றில் ஈரம் இருந்தால் அமிலம் உருவாகிக் குழாயை அரிக்கும். இங்கே ஆவியாக்கும் திறனைக் கூட்டுவதல்ல, கட்டுப்படுத்துவதே வடிவமைப்பின் நோக்கம். பசுமைக்குடில்களில் சாம்பல் நோய்க்கு எதிராகத் தொங்கவிடும் மின்சாரக் கந்தகக் கிண்ணங்களுக்கும் அதே விதிதான். கந்தகம் மெல்ல ஆவியாக வேண்டும், ஒருபோதும் எரியக் கூடாது. எரிந்தால் உருவாகும் கந்தக டையாக்சைடு ரோஜா இலைகளையே கருக்கிவிடும். அளவு மிஞ்சினால் கூரையின் பாலித்தீன் தாளும் சீக்கிரம் நைந்துபோகும்.

நிறுத்துவதையும் மறுபடி தொடங்குவதையும் வடிவமைப்பின் பின்னிணைப்பாக வைக்கும் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. ஆட்கள் கருவியின் அருகில் நிற்பது பெரும்பாலும் அந்த நேரங்களில்தான். ஆறிய கந்தகம் பாறையாக இறுகும். மீண்டும் உருகும்போது அது விரிகிறது. திடத்தின் அடர்த்தி 2.07, திரவத்தினுடையது 1.8 அளவில். மேலே உறைந்த மூடி அப்படியே இருக்க அடியில் உருக்கினால், விரிவதற்கு இடமின்றிப் பாத்திரமே பிளக்கும். ஆகவே சூடாக்கிகள் மேலிருந்து கீழாக வரிசையாக இயங்கும்படியும், குழாய்கள் திறந்த முனையிலிருந்து தொடங்கி உருகும்படியும் அமைக்க வேண்டும். மேலிருந்து அடிவரை போகும் தனி நீராவிக் குழாய் ஒன்று பாத்திரத்துக்குள் இருந்தால் முதலில் அதைச் சுற்றி உருகி, திரவம் மேலேறுவதற்குப் பாதை கிடைக்கும். இந்தச் செலவைத் தவிர்க்கச் சொல்லும் திட்ட மேலாளரிடம் பொறியாளர் பிடிவாதமாக நிற்க வேண்டும்.

திரவத்துக்கு மேலுள்ள வெற்றிடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்வது இன்னோர் ஆபத்து. காற்றில் 4 சதவீதத்தை ஒட்டிய அளவிலேயே அது தீப்பற்றும் கலவையாகிவிடும். அதற்கு வெகு முன்பே, 100 பிபிஎம் அளவில், மூக்கு அந்த நாற்றத்தை உணர்வதை நிறுத்திவிடும். அழுகிய முட்டை வாடை வரவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்று அல்ல. வாயு உணரி பொருத்தாமல் மூடியைத் திறக்கும் நடைமுறையை எந்த ஆலையும் அனுமதிக்கக் கூடாது.

எஃகுச் சுவரில் படிந்த இரும்புச் சல்பைடு உலர்ந்த நிலையில் காற்றுப்பட்டால் தானே கனன்று தீயாகும். எஞ்சிய கந்தகம் பக்கத்திலேயே இருக்கும். எனவே ஆவியாக்கியைத் திறக்கும் முன் அடித்திரவத்தை முழுவதும் வடித்து, நைட்ரஜன் ஓட்டத்திலேயே ஆறவிட்டு, சுவரின் சூடு 100 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு உள்ளே தண்ணீர் தெளித்து நனைத்து, அதன்பின் காற்றைச் சிறிது சிறிதாக விட வேண்டும். இதற்கான நைட்ரஜன் இணைப்பு, தெளிப்புக் குழாய், அடிவடிகால், சுவரின் மூன்று உயரங்களில் வெப்ப உணரிகள் ஆகிய நான்கும் முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். கட்டி முடித்த பிறகு 310 எஃகுச் சுவரில் துளையிட்டுப் பற்றவைத்தால், அந்தப் பற்றவைப்பிலேயே அரிப்பு தொடங்கும்.